எப்பவும் போற கடையா, புதுக் கடையா? முடிவெடுக்கத் தடுமாறும்போது செரோட்டோனின் என்ன செய்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மதியம். தெக்கா நிலையத்தில் நல்ல கூட்டம். நீங்கள் எப்பவும் பிரியாணி வாங்கும் கடையில் நீண்ட வரிசை. நாலு கடை தள்ளி ஒரு புதுக் கடை. அங்கே வரிசையே இல்லை.

"அங்க ட்ரை பண்ணலாமா?" என்று கேட்கிறார் கூட வந்த தோழி.

"வேணாம் லா, எப்படி இருக்கும்னு தெரியலை," என்று சொல்லிவிட்டு நீங்கள் அந்த நீண்ட வரிசையிலேயே போய் நிற்கிறீர்கள்.

புதுக் கடை மோசம் என்று உங்களிடம் யாரும் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அந்தத் 'தெரியாது' ஒன்றே உங்களை 20 நிமிடம் காத்திருக்க வைக்கிறது.

பிரியாணி விஷயத்தில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இதே தடுமாற்றம் பெரிய முடிவுகளிலும் வரும். தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா? இருக்கிற வேலையிலேயே இருப்பதா, மாறுவதா? நண்பர்கள் பேசும் மின்னிலக்க நாணயத்தில் சேமிப்பைப் போடுவதா, வேண்டாமா?

இப்படிப்பட்ட நேரத்தில் மூளையில் வேலை செய்யும் பொருள்களில் ஒன்று செரோட்டோனின். சமூக ஊடகங்களில் இதைப் பற்றி நிறையப் பேச்சு. "உங்க செரோட்டோனின் கம்மி, அதான் பயப்படுறீங்க" என்கிறது ஒரு காணொளி. "இந்த மாத்திரை போடுங்க, தெளிவா முடிவெடுப்பீங்க" என்கிறது இன்னொன்று.

இதில் எவ்வளவு உண்மை? ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். அவற்றில் சில சிங்கப்பூர் ஆய்வாளர்கள் செய்தவை.

செரோட்டோனின்: சில அடிப்படைத் தகவல்கள்

செரோட்டோனின் ஒரு ரசாயனத் தூதர். ஒரு நரம்பணுவிலிருந்து வெளியாகி, அடுத்த நரம்பணுவுக்குச் சேதி சொல்லும்.

• 1930களில் இத்தாலிய ஆய்வாளர் விட்டோரியோ எர்ஸ்பாமர் இதை முதலில் குடலில் கண்டார்.

• 1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லந்து மருந்தகத்தில் மாரிஸ் ராப்போர்ட், அர்டா கிரீன், எர்வின் பேஜ் ஆகியோர் ரத்தத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தனர். ரத்தக் குழாய்களைச் சுருங்க வைக்கும் பொருள் என்பதால் 'செரோட்டோனின்' என்று பெயர் வந்தது.

• 1953-ல்தான் இது மூளையிலும் இருப்பதை பெட்டி ட்வாரோக் காட்டினார்.

உடலில் உள்ள செரோட்டோனினில் சுமார் 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்குத் தேவையானதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்கான மூலப்பொருள் டிரிப்டோஃபேன். பால், முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவுகளில் அது கிடைக்கும்.

மனித மூளையில் சுமார் 86 பில்லியன் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றில் செரோட்டோனின் தயாரிப்பவை சில நூறாயிரம் மட்டுமே. அவை மூளைத்தண்டில் 'ரஃபே' எனப்படும் சிறு பகுதிகளில் கூட்டமாக இருக்கின்றன. எண்ணிக்கை குறைவுதான், ஆனால் அவற்றின் கிளைகள் மூளை முழுக்கப் பரவியிருக்கின்றன. அதனால்தான் தூக்கம், பசி, மனநிலை, வலி, பொறுமை என்று பல விஷயங்களில் செரோட்டோனினுக்குப் பங்கு இருக்கிறது. 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைகூட வராது.

'தெரியாது' என்பதில் இரண்டு வகை

ஆய்வுகளுக்குள் போவதற்கு முன்னால் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகை: முடிவு தெரியாது, ஆனால் வாய்ப்பு எவ்வளவு என்று தெரியும். 4டி அப்படித்தான். 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். நீங்கள் வாங்கும் எண்ணுக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு 10,000-ல் 1. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

இரண்டாம் வகை: வாய்ப்பு எவ்வளவு என்பதே தெரியாது. அந்தப் புது பிரியாணிக் கடை இந்த வகை. புது வேலையும் அப்படித்தான்.

மனிதர்களுக்கு இரண்டாம் வகை அறவே பிடிக்காது. 1961-ல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் டேனியல் எல்ஸ்பர்க் இதை எளிதாக விளக்கினார். ஒரு பாத்திரத்தில் சிவப்பு, கறுப்பு உருண்டைகள் சரிபாதி. இன்னொரு பாத்திரத்தில் எது எத்தனை என்று தெரியாது. நீங்கள் சொல்லும் நிறம் வந்தால் பரிசு. எந்தப் பாத்திரத்திலிருந்து எடுப்பீர்கள்?

பெரும்பாலானோர் முதல் பாத்திரத்தையே தேர்ந்தெடுப்பார்கள். இத்தனைக்கும் இரண்டாவதில் தோற்பதற்கான வாய்ப்பு அதிகம் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

பெய்ச்சிங்கா, தோக்கியோவா?

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் சியூ சூ ஹோங், ரிச்சர்ட் எப்ஸ்டைன், சோங் சொங்ஃபா மூவரும் 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் 325 பெய்ச்சிங் வாசிகள் பங்கேற்றனர். கையில் உண்மையான பணம் கிடைக்கும் விளையாட்டுகள்.

முதல் விளையாட்டில் இரண்டு சீட்டுக்கட்டுகள். ஒன்றில் இரண்டு நிறமும் சரிபாதி. இன்னொன்றின் கணக்கு தெரியாது. ஆனால் தெரியாத கட்டில் ஜெயித்தால் 20 விழுக்காடு கூடுதல் பணம். அப்படியிருந்தும் 49.4 விழுக்காட்டினர் தெரிந்த கட்டையே எடுத்தனர்.

இரண்டாவதில் வெப்பநிலையை வைத்துப் பந்தயம். சொந்த ஊரான பெய்ச்சிங்கின் வெப்பநிலைமீது பந்தயம் கட்டலாம், அல்லது அதே மாதிரிப் பந்தயத்தை தோக்கியோவின் வெப்பநிலைமீது கட்டலாம். தோக்கியோவுக்கு 20 விழுக்காடு கூடுதல். ஆனாலும் 39.6 விழுக்காட்டினர் பெய்ச்சிங்கையே தேர்ந்தெடுத்தனர்.

அதாவது, 'நமக்குப் பழக்கமானது' என்ற ஓர் உணர்வுக்காகக் கூடுதல் பணத்தை விட்டுக்கொடுத்தார்கள். நீங்கள் பிரியாணிக்காக 20 நிமிடத்தை விட்டுக்கொடுத்த மாதிரி.

பிறகு ஆய்வாளர்கள் பங்கேற்பாளர்களின் மரபணுக்களைப் பார்த்தனர். நரம்பணுவிலிருந்து வெளியான செரோட்டோனினைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. அதற்கான மரபணுவில் ஆளுக்கு ஆள் சிறு வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாட்டுக்கும் பழக்கமானதைப் பிடித்துக்கொள்ளும் போக்குக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் வாய்ப்பு தெரியாத சீட்டுக்கட்டைத் தவிர்க்கும் போக்குக்கும் அந்த மரபணுவுக்கும் தொடர்பு தெரியவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது: 'தெரியாததைக் கண்டு பயம்' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது மூளையில் ஒரே விஷயமாக இல்லாமல் இருக்கலாம்.

காத்திருப்பதா, கிளம்புவதா?

தடுமாற்றத்தின் இன்னொரு முகம் காத்திருப்பு. பேருந்து நிறுத்தத்தில் 15 நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் நிற்பதா, எம்ஆர்டி நிலையத்துக்கு நடப்பதா?

ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் கென்ஜி டோயாவின் குழு எலிகளை வைத்து இதை ஆராய்ந்தது. எலி ஒரு துளையில் மூக்கை வைத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தால் உணவு கிடைக்கும். அது காத்திருக்கும்போது அதன் ரஃபே பகுதியில் உள்ள செரோட்டோனின் நரம்பணுக்களை ஒளியைக் கொண்டு ஆய்வாளர்கள் தூண்டினர்.

2018-ல் வெளியான முடிவு இது:

• உணவு கிடைக்கும் வாய்ப்பு 75 விழுக்காடாக இருந்தபோது, செரோட்டோனின் தூண்டப்பட்ட எலிகள் கூடுதல் நேரம் காத்திருந்தன.

• வாய்ப்பு 50 அல்லது 25 விழுக்காடாகக் குறைந்தபோது, தூண்டியும் பலன் இல்லை.

• உணவு வரும் நேரம் எப்போது என்று கணிக்க முடியாதபோது, செரோட்டோனினின் தாக்கம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

செரோட்டோனின் சும்மா பொறுமையைக் கூட்டிவிடுவதில்லை. 'கிடைக்கும்' என்ற நம்பிக்கை ஏற்கெனவே ஓரளவு இருந்தால்தான் அது காத்திருக்க வைக்கிறது. நம்பிக்கையே இல்லாத இடத்தில் அது வேலை செய்யவில்லை.

எலிகளில் கண்டது மனிதர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மனித மூளையிலும் நேரடியாகப் பார்த்திருக்கிறார்கள்.

மனித மூளைக்குள் நேரடியாக

உயிரோடு இருக்கும் மனிதரின் மூளையில் செரோட்டோனின் நொடிக்கு நொடி எப்படி மாறுகிறது என்று அளப்பது ரொம்பக் கஷ்டம். அதற்கு மூளைக்குள் மின்முனை வைக்க வேண்டும். சிகிச்சைக்காக எப்படியும் மூளையில் மின்முனை பொருத்த வேண்டியிருந்த நோயாளிகளிடம் சம்மதம் வாங்கி அமெரிக்க, பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதைச் செய்தார்கள். முடிவுகள் 2020-ல் வெளிவந்தன.

நோயாளிகள் திரையில் நகரும் புள்ளிகளைப் பார்த்து, அவை எந்தத் திசையில் போகின்றன என்று சொல்ல வேண்டும். சில நேரம் புள்ளிகள் தெளிவாக நகரும், சில நேரம் குழப்பமாக. பங்கேற்றவர்கள் ஐந்தே பேர். நான்கு பேருக்கு மூளையின் 'காடேட்' எனும் பகுதியில் அளவு எடுக்கப்பட்டது. அவர்களில் மூவரிடம், கண்ணில் படும் தகவல் எவ்வளவு நிச்சயமற்றது என்பதற்கு ஏற்ப செரோட்டோனின் ஏறி இறங்கியது.

ஐந்து பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாது. ஆனாலும் இது முக்கியம். பரிசும் தண்டனையும் சம்பந்தப்படாத இடத்தில்கூட, 'எனக்கு இது சரியாகத் தெரியவில்லை' என்ற நிலையை செரோட்டோனின் பின்தொடர்கிறது என்பதற்கான நேரடித் தடயம் அது.

விட்டதைப் பிடிக்கும் ஆசை

"போன வாரம் 50 வெள்ளி போச்சு. இந்த வாரம் 100 போட்டா எடுத்துடலாம்." இதை நீங்கள் எங்கேயாவது கேட்டிருப்பீர்கள். சூதாட்டத்தில் ஆபத்தான கட்டம் இதுதான்.

செரோட்டோனின் குறைந்தால் இந்த ஆசை கூடும் என்றுதானே தோன்றும்? 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் நடந்தது அதற்கு நேர்மாறு. நல்ல ஆரோக்கியத்தில் இருந்தவர்களின் உடலில் டிரிப்டோஃபேன் அளவைத் தற்காலிகமாகக் குறைத்தார்கள். அதனால் மூளையில் செரோட்டோனின் தயாரிப்பும் குறையும். பிறகு கணினியில் சூதாட்ட விளையாட்டு. அவர்கள் விட்ட பணத்தைத் துரத்தியது குறைந்தது, கூடவில்லை.

ஆகவே 'கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது' என்ற கணக்கு செரோட்டோனினுக்குச் சரிவராது. எந்த இடத்தில், எந்தச் சூழலில், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து அதன் விளைவு மாறுகிறது. மூளையில் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளே பத்துக்கும் மேற்பட்ட வகை.

அப்போ என் முடிவெல்லாம் மரபணுவிலேயே எழுதியிருக்கா?

இல்லை. மேலே சொன்ன 325 பேர் ஆய்வு போன்றவை ஒரு குழுவின் சராசரியில் தெரியும் போக்கைச் சொல்கின்றன. தனி ஒருவர் என்ன செய்வார் என்று அவற்றால் சொல்ல முடியாது.

ஓரிரு மரபணுக்களை மட்டும் எடுத்துக்கொண்டு சில நூறு பேரிடம் சோதிக்கும் முறையின்மீதே இப்போது கேள்விகள் உண்டு. அதே செரோட்டோனின் மரபணுவை மனச்சோர்வோடு பல ஆண்டுகள் தொடர்புபடுத்தி வந்தார்கள். 2019-ல் நூறாயிரக்கணக்கானவர்களின் தகவல்களை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. முடிவெடுக்கும் குணத்தில் ஒரே ஒரு மரபணுவின் பங்கு இருந்தாலும் மிகச் சிறியதாகவே இருக்கும்.

எச்சிலைக் கொடுத்தால் 'நீங்கள் துணிச்சல்காரரா, பயந்தவரா' என்று சொல்கிறோம் என யாராவது விளம்பரம் செய்தால், அதை நம்பிப் பாடத்தையோ வேலையையோ தேர்ந்தெடுக்காதீர்கள்.

வாழைப்பழம், மாத்திரை, ரத்தப் பரிசோதனை

வாழைப்பழம் சாப்பிட்டால் செரோட்டோனின் கூடுமா? வாழைப்பழத்தில் செரோட்டோனின் இருப்பது உண்மை. ஆனால் அது மூளைக்குள் போகாது. பழம் உடம்புக்கு நல்லது, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் நேர்முகத் தேர்வுக்கு முன்னால் துணிச்சல் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ரத்தத்தில் செரோட்டோனின் அளவு பார்க்கலாமா? ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் குடலிலிருந்து வந்தது. மூளையில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது.

இணையத்தில் விற்கும் '5-எச்டிபி' மாத்திரைகள்? கவனம் தேவை. மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் இவற்றையும் சேர்த்துக்கொண்டால் உடலில் செரோட்டோனின் அளவுக்கு மீறிப் போகலாம். நடுக்கம், காய்ச்சல், வேகமான இதயத் துடிப்பு, குழப்பம் எல்லாம் வரலாம். சில நேரம் உயிருக்கே ஆபத்து. மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்காமல் வாங்காதீர்கள்.

மருத்துவர் கொடுத்த மருந்து? 1987-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃப்ளூவாக்செட்டின் போன்ற மருந்துகள், வெளியான செரோட்டோனின் திரும்ப உள்ளே போவதைத் தடுக்கின்றன. 'செரோட்டோனின் குறைவதால்தான் மனச்சோர்வு' என்ற எளிய விளக்கத்தை இப்போது பல ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் அந்த மருந்து பலருக்கு உதவுகிறது என்பது வேறு விஷயம். இந்தக் கட்டுரையையோ ஒரு காணொளியையோ பார்த்துவிட்டு மருந்தைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்த நினைத்தால் மருத்துவரிடம் பேசி, படிப்படியாகக் குறையுங்கள்.

உங்கள் கையில் இருப்பது என்ன?

செரோட்டோனினை நினைத்த நேரத்தில் ஏற்றி இறக்க உங்களால் முடியாது. ஆனால் முடிவெடுக்கும் சூழலை மாற்றலாம்.

1. தூங்கிவிட்டு முடிவெடுங்கள்

செரோட்டோனின் நரம்பணுக்கள் விழித்திருக்கும்போது சுறுசுறுப்பாக இருக்கும், ஆழ்ந்த தூக்கத்தில் வேகம் குறையும், கனவு வரும் தூக்கத்தில் கிட்டத்தட்ட அமைதியாகிவிடும். இது விலங்குகளில் கண்டது.

தூங்காவிட்டால் முடிவுகள் எப்படி மாறும் என்பதை சிங்கப்பூரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். மைக்கல் சீ, வினோத் வெங்கட்ராமன் ஆகியோர் அடங்கிய குழு இரவு முழுக்க விழித்திருந்தவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தது. 2007-ல் வெளியான முடிவுப்படி, லாபத்தை எதிர்பார்க்கும் மூளைப் பகுதியின் செயல்பாடு கூடியது. நஷ்டம் வந்தபோது மூளை காட்டிய எதிர்வினை மங்கியது. 2011-ல் வந்த தொடர் ஆய்வில், தூக்கம் இழந்தவர்கள் நஷ்டத்தைத் தவிர்ப்பதைவிட லாபத்தைத் தேடுவதிலேயே அதிக நாட்டம் காட்டினர்.

இந்த ஆய்வுகள் செரோட்டோனினை அளக்கவில்லை. ஆனால் பாடம் தெளிவு. அதிகாலை 3 மணிக்கு, தூக்கம் இல்லாமல், கைப்பேசியில் முதலீட்டுச் செயலியைத் திறக்காதீர்கள்.

2. எந்த வகைத் 'தெரியாது' என்று கேளுங்கள்

வாய்ப்பு தெரிந்த விஷயமா? அப்படின்னா கணக்குப் போடுங்கள். 4டி-யில் 'பெரிய' பந்தயத்துக்கு 1 வெள்ளி கட்டினால் முதல் பரிசு 2,000 வெள்ளி. மூன்று முக்கியப் பரிசுகள், மற்ற 20 சிறிய பரிசுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், ஒவ்வொரு வெள்ளிக்கும் சராசரியாகத் திரும்ப வருவது சுமார் 66 காசு. டோட்டோவில் ஆறு எண்களும் பொருந்தும் வாய்ப்பு 13,983,816-ல் 1. 'இன்னைக்கு மனசு சொல்லுது' என்பதால் அந்த எண் மாறாது.

வாய்ப்பு தெரியாத விஷயமா? அப்படின்னா தகவல் தேடுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் சீனியர் அக்காவிடம் கேளுங்கள். பொது வரவேற்பு நாளுக்குப் போய்ப் பாருங்கள். புது வேலை என்றால் அங்கே வேலை செய்பவரிடம் பேசுங்கள்.

3. பெய்ச்சிங்-தோக்கியோ கேள்வி

ஒன்றை நிராகரிக்கும்போது உங்களையே கேட்டுப் பாருங்கள்: 'இது மோசம் என்பதால் வேண்டாம் என்கிறேனா, பழக்கமில்லை என்பதால் வேண்டாம் என்கிறேனா?' பழக்கமில்லை என்பதுதான் காரணம் என்றால், சின்னதாக ஒரு தடவை முயன்று பார்க்கலாமே.

4. எல்லையை முன்கூட்டியே போடுங்கள்

விட்டதைப் பிடிக்கும் ஆசை வந்த பிறகு எல்லை போடுவது கஷ்டம். அதற்கு முன்னாலேயே 'இவ்வளவுதான்' என்று முடிவு செய்து, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். உங்களுக்கோ குடும்பத்தில் ஒருவருக்கோ சூதாட்டம் கைமீறிப் போகிறது என்று தோன்றினால், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய உதவித் தொலைபேசி 1800-6-668-668-ஐ அழைக்கலாம்.

5. எதையுமே முடிவு செய்ய முடியவில்லையா?

சின்ன விஷயத்தில்கூடப் பல வாரங்களாக முடிவெடுக்க முடியவில்லை, கூடவே தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன என்றால், அதைச் 'சோம்பேறித்தனம்' என்று நினைத்து ஒதுக்காதீர்கள். மனச்சோர்வின் அறிகுறியாக இருக்கலாம். பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ பேசுங்கள்.

சரி, அந்த பிரியாணி?

வரிசையில் நின்றுகொண்டே யோசித்துப் பாருங்கள். வாய்ப்பு தெரியாத விஷயம்தான். ஆனால் தோற்றால் போவது ஒரு மதிய உணவு. ஜெயித்தால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு கடையும் கைவசம் இருக்கும்.

தகவல் வேண்டுமா? அங்கே சாப்பிட்டு முடித்துவிட்டு எழுந்து வரும் அந்த மாமாவிடம், "எப்படி இருக்கு அங்கிள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எந்த ரத்தப் பரிசோதனையும் உங்களுக்குச் சொல்லாது.